ஒரே பெயர், பல விலை: பத்தமடைப் பாய்க்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கணும்?

போனை எடுத்து 'பத்தமடைப் பாய்' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு யோகா மேட் வரும். அதற்குக் கீழேயே ஒரு டேபிள் ரன்னர், ஒரு ஹேண்ட்பேக். இன்னும் கொஞ்சம் ஸ்க்ரோல் செய்தால் மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய், விலை பல ஆயிரம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். எல்லாவற்றிலும் 'பாரம்பரியம்', 'கைவினை', 'புவிசார் குறியீடு' என்ற அதே வார்த்தைகள். எதுக்கு இந்த விலை, எதுக்கு அந்த விலை என்று எங்கேயும் போட்டிருக்காது.

யோகா மேட் என்றதும் ஒரு விஷயம். உலகம் முழுக்க யோகாவைக் கொண்டுபோனவர்களில் ஒருவரான சுவாமி சிவானந்தர், 1887-ல் பிறந்தது இதே பத்தமடையில்தான். ரிஷிகேஷில் தெய்வ நெறிக் கழகத்தை 1936-ல் தொடங்கியவர். அவர் பிறந்த ஊரின் பெயரில் இன்று யோகா மேட் விற்கிறது. விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை!

சரி, விலைக்கு வருவோம். பத்தமடையில் கையால் நெய்கிற பாயிலேயே பல தரம் உண்டு. சாதாரணப் படுக்கைப் பாய்க்கும் 'பட்டுப்பாய்' என்கிற உயர்ந்த ரகத்துக்கும் இடையே இருக்கும் தூரம், தெருக்கடை டி-ஷர்ட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இடையே இருக்கும் தூரம். சேலையில் அந்த வித்தியாசம் நம்ம எல்லோருக்கும் தெரியும். பாயில் தெரியாது. பட்டுப்பாயின் இன்றைய நெருக்கடியே அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் ஊருக்கெல்லாம் தெரியும், தரம் யாருக்கும் தெரியாது.

ஆறு செய்யும் பாதி வேலை

திருநெல்வேலியிலிருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் வழியாகச் சேரன்மகாதேவி போகிற சாலையில், சுமார் 20 கிலோமீட்டரில் பத்தமடை. பொதிகை மலையில் பிறந்து பாபநாசத்தில் கீழே இறங்கும் தாமிரபரணியில் இருந்து பிரிகிற கன்னடியன் கால்வாய்தான் இந்தப் பக்கத்து வயல்களுக்கு உயிர். இந்த ஈரத்தில் தானாக வளர்வது கோரை. வயல்காரருக்கு அது களை. பாய்க்காரருக்கு அதுதான் மூலப்பொருள்.

நெசவு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். அதிலும் தறியில் உட்காருகிறவர்கள் அதிகமும் பெண்கள். இந்து வீட்டுக் கல்யாணத்துக்கு மணமகன், மணமகள் பெயரைப் பாயில் எழுத்து எழுத்தாக நெய்து கொடுப்பது இந்த வீடுகளில்தான். தொழுகைப் பாய் நெய்கிற அதே தறி, அதே கை. நெல்லைப் பக்கம் இதை யாரும் பெரிய மத நல்லிணக்கக் கதையாகச் சொல்வதில்லை. அவங்களுக்கு அது வழக்கம், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கோரை எப்படிப் பட்டாகிறது என்று பார்ப்போம். பச்சைக் கோரையை அறுத்து, நீளவாக்கில் கிழித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். பச்சை போய் வெளிர் மஞ்சள் வரும். சாதாரணப் பாய்க்கு இது போதும், நேராகத் தறிக்குப் போய்விடலாம்.

பட்டுப்பாய்க்கு இங்கிருந்துதான் வேலையே ஆரம்பம். காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஓடுகிற தண்ணீர் என்பது முக்கியம். தொட்டியிலோ குளத்திலோ போட்டு எடுத்தால் அந்தப் பதம் வராது. ஊறிய கோரை கிட்டத்தட்ட மூன்று மடங்கு உப்பிவிடும். அதை எடுத்து மறுபடி காயவைத்து, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சதையை நீக்கி, மேல்தோலை மட்டும் மெல்லிய இழைகளாகக் கிழிக்க வேண்டும். எவ்வளவு மெல்லிசு? நூல் மாதிரி. இழை ஒரே பருமனாக இருக்கணும். ஒன்று தடித்தால் பாயின் முகத்தில் மேடு தட்டும், ஒன்று மெலிந்தால் பாதியிலேயே அறுந்துவிடும். இந்தக் கிழிப்பை இன்றுவரை எந்த மெஷினும் அதே நேர்த்தியோடு செய்வதில்லை. கத்தியும் கண்ணும் விரலும்தான்.

அடுத்து சாயம். சிவப்பு, பச்சை, கறுப்பு, ஊதா என்று ஓரங்களுக்கும் கோலங்களுக்கும் தேவையான இழைகளைத் தனியே சாயமேற்றுகிறார்கள். ஒரு காலத்தில் சிவப்புக்குப் பதங்கக் கட்டையை வேகவைத்த சாயம். இப்போது பெரும்பாலும் ரசாயனச் சாயம். இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்று கேட்டால் அதற்குத் தனி நாள், தனி விலை.

தறி தரையோடு தரையாக இருக்கும். பாவு முழுக்கப் பருத்தி நூல், ஊடையாகக் கோரை. வரிசையாகத் துளையிட்ட அச்சுக்கட்டை வழியாகப் பாவு நூல்கள் ஒவ்வொன்றும் போகும். ஒருவர் அச்சை அடிக்க, இன்னொருவர் நீளமான குச்சியில் கோரை இழையைக் கோத்துப் பக்கவாட்டில் செருகுவார். ஒரு இழை, ஒரு அடி. மறுபடி ஒரு இழை, ஒரு அடி. நாடா ஓடுகிற துணித்தறி வேகத்தை இங்கே நினைக்காதீர்கள். கோரை இழைக்கு லேசான ஈரம் இருக்கணும், இல்லாவிட்டால் ஒடியும். நெய்து முடித்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டி, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினால், வெளிச்சத்தில் ஒரு பளபளப்பு வரும். 'பட்டு' என்ற பெயர் அந்தப் பளபளப்புக்கும் வழவழப்புக்கும் வந்தது. மற்றபடி பொதுவாக அதில் பட்டுநூல் கிடையாது. இதுவே பல பேருக்குத் தெரியாது.

நல்ல பட்டுப்பாயைச் சுருட்டினால் கைக்குள் அடங்கும், துணி மாதிரி மடியும். எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்பது ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் பெருமை. பத்தமடை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த ராணி கதை வராமல் இருக்காது. எனக்கு அதில் ஒரு சின்ன அலுப்பு உண்டு. ராணிக்குப் போன பாயைப் பற்றி 70 வருடமாகப் பேசுகிறோம். போன வாரம் நெய்த பாய்க்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்பதில்லை.

சோபாவுக்கு ஒரு நம்பர், பாய்க்கு?

சோபா வாங்கப் போன அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். ஷோரூமில் நுழைந்ததும் சேல்ஸ்மேன் ஆரம்பிப்பார்: "சார், இது 32 டென்சிட்டி ஃபோம், அது 40 டென்சிட்டி." ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். நமக்கு அந்த விளக்கம் தெரியாவிட்டாலும் 40 என்றால் சீக்கிரம் குழிவிழாது, அதனால் விலை கூட என்று புரிகிறது. சட்டம் தேக்கா, பிளைவுட்டா என்று கேட்கிறோம். உள்ளே ஸ்பிரிங்கா, வெறும் பட்டையா என்று கேட்கிறோம். நல்ல மெத்தை வேலைக்காரர் செய்கிற சோபாவில் பாதி உழைப்பு துணிக்கு உள்ளே மறைந்து கிடக்கும். இருந்தாலும் அதற்குக் காசு கொடுக்கிறோம். காரணம், கேட்பதற்கு நம்மிடம் வார்த்தை இருக்கிறது.

பாயில் மறைவே இல்லை, மொத்த வேலையும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. ஆனால் கேட்க வார்த்தை இல்லை. 'அழகா இருக்கே' என்போம், அளவைப் பார்ப்போம், 'கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க' என்போம். முடிந்தது.

உண்மையில் பாய்க்கும் ஒரு நம்பர் இருக்கிறது. அதை 'கவுண்ட்' என்கிறார்கள். பாய் எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. 100-லிருந்து 140 வரை போனால் அது பட்டுப்பாய். சாதாரணப் பாய் இதில் பாதிக்கும் கீழே. எண் ஏற ஏற இழை மெலிசாக வேண்டும், பாவு நூல் மெலிசாக வேண்டும், அதே ஆறடி நீளத்துக்கு இன்னும் பல நூறு முறை இழை செருக வேண்டும். ஆன்லைன் விற்பனைப் பக்கங்களில் நீளம், அகலம், நிறம் எல்லாம் இருக்கிறது. கவுண்ட் இருக்கிற பக்கத்தைத் தேடித்தான் பிடிக்கணும்.

விளைவு என்ன? நெசவாளர் 120 கவுண்டில் நெய்தாலும், 50 கவுண்டில் நெய்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்கு ரெண்டும் 'பத்தமடைப் பாய்'. அப்படியென்றால் எதை நெய்வார்? நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் எதை நெய்வோம்?

கொஞ்சம் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நல்ல பட்டுப்பாய்க்கு ரெண்டு பேர் 20 நாள் உழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். கணக்குக்காக இந்த எண். மொத்தம் 40 ஆள்நாள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எந்தக் கைத்திறனும் கேட்காத வேலைக்கு அரசே வைத்த அளவு அது. அதே கூலியைப் பட்டுப்பாய் நெய்கிறவருக்கும் கொடுத்தால், கூலி மட்டும் 13,440 ரூபாய். கடைக்காரர் விற்பனை விலையில் நூற்றுக்கு முப்பது எடுத்தால் பாயின் விலை 19,200. கோரை, நூல், சாயம் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் பல வருடப் பயிற்சிக்கான கூலி எங்கே? இல்லை. மண்வெட்டி பிடிக்கிற கூலியில்தான் இந்தக் கணக்கே நிற்கிறது.

அந்த விலைக்குப் பாய் வாங்க எத்தனை பேர் தயார்? ஒரு சோபா செட்டுக்கு இதைவிடக் கூடுதலாக இஎம்ஐ கட்டுகிற வீடுகள் ஏராளம். ஆனால், 'பாய்க்கா இவ்வளவு?' என்ற கேள்வி நம்ம வாயில் முதலில் வந்துவிடுகிறது. பாய் என்றால் சிக்கனம், ஏழ்மை, வாடகை ரூம், பேச்சுலர் வாழ்க்கை. நமக்குள் பதிந்த படம் அது. கட்டில், மெத்தை, சோபா ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வரும்போது பாய் ஒவ்வொரு படியாகப் பரணுக்கு ஏறியது. கல்யாணத்துக்கு மட்டும் அது கீழே இறங்கும், ஃபோட்டோ எடுத்ததும் மறுபடி மேலே போகும்.

எனவே பாதி விலைக்கு விற்கிறார்கள், அல்லது பாதி உழைப்பில் நெய்கிறார்கள். பட்டுப்பாய் பெரும்பாலும் ஆர்டர் வந்தால் மட்டும் என்ற நிலைக்கு ஒதுங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். விருது, விழா, விஐபி பரிசு என்று வந்தால் நெய்வார்கள். மற்ற நாள்களில் வீட்டுச் செலவைத் தாங்குவது சாதாரணப் பாயும், அதில் தைக்கிற பைகளும்.

இங்கே பீடியைப் பற்றியும் சொல்லணும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்தப் பகுதி முழுக்கப் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். உடம்புக்குக் கெடுதல், கூலியும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. ஆனால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு நேராக இருக்கும். இலையும் தூளும் கம்பெனி கொடுக்கும். கார்டு இருந்தால் பி.எஃப் உண்டு. பாயில் இந்த மூன்றும் இல்லை. கோரையை நீங்களே வாங்கணும், மாசக்கணக்கில் உழைத்த பிறகு விலையை யாரோ சொல்வார்கள். ஒரு பெண் பாயை விட்டு பீடிக்குப் போனால், 'பாரம்பரியத்தைக் கைவிட்டார்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவருடைய மகள் ரெண்டையும் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனால் இன்னும் நல்லது. சிக்கல் வேறு இடத்தில். படித்த பெண் இந்த வேலைக்குத் திரும்பி வர ஒரு காரணம்கூட நாம் வைத்திருக்கவில்லை.

புவிசார் குறியீடு வந்துச்சே?

வந்தது. 2012-13-ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அதற்கான சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவேடு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

இந்தக் குறியீடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. வேறு ஊரில் செய்ததை 'பத்தமடைப் பாய்' என்று விற்றால் வழக்குப் போடும் உரிமையை அது கொடுக்கும். வழக்கைப் போட ஒருவர் வேண்டும், வக்கீல் வேண்டும், பணம் வேண்டும். ஆயிரத்தெட்டு ஆன்லைன் கடைகளில் தினமும் மாறும் பொருள்களை யார் துரத்துவது? அடுத்து, சங்கத்தின் பெயரில் குறியீடு பதிவாகிவிட்டால் ஊரில் எல்லா நெசவாளரும் தானாக உள்ளே வந்துவிட மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று ஒவ்வொருவரும் தனியே விண்ணப்பித்துப் பதிய வேண்டும். பதிவு 10 வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்கணும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் குறியீடு சொல்வது, 'இது இந்த ஊர்ப் பொருள்' என்பதைத்தான். குறைந்தபட்ச விலை, நெசவாளர் கூலி இரண்டையும் அது நிர்ணயிப்பதில்லை. 50 கவுண்டா, 140 கவுண்டா என்று வாங்குகிறவர் கையில் எழுதிக் கொடுப்பதும் இல்லை. நகைக்கு ஹால்மார்க் வந்தபோது 22 காரட்டுக்கு 916 என்ற எண் நம்ம பாட்டிகளுக்கே மனப்பாடம் ஆனது. பாய்க்கு அப்படி ஒரு எண் வெளியே வரவில்லை.

இன்னொரு பக்கம் மோட்டார் தறி. கரூர், முசிறி பக்கம் காவிரிக்கரையில் கோரையை வயலில் பயிராகவே போடுகிறார்கள். அங்கேயும் வந்தவாசியிலும் தறியில் வேகமாக ஓடிவருகிற கோரைப்பாய் நல்ல பொருள்தான். பிளாஸ்டிக் பாய்க்கு எவ்வளவோ மேல், வெயில்காலத்தில் முதுகுக்குக் குளிர்ச்சி. அதன்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பத்தமடையின் பெயரை ஒட்டிக்கொண்டு அது விற்கப்படும்போதுதான் கணக்கு உதைக்கிறது. வாங்கும்போது பாவு நூலைப் பாருங்கள். வழுக்குகிற செயற்கை நூலாக இருந்தால் பெரும்பாலும் மோட்டார் தறி. கையால் நெய்த பத்தமடைப் பாயில் பருத்தி நூல் இருக்கும். இழைகளும் அச்சுப்பிசகாமல் இருக்காது, ஒன்றிரண்டு இடத்தில் நிறம் கூடிக் குறையும்.

கடன் கொடுத்தால் தீருமா?

கைவினைஞர்களுக்கு இப்போது ரெண்டு திட்டங்கள் பற்றிப் பேச்சு. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். கூடை, பாய், துடைப்பம் செய்கிறவர்கள் அதில் ஒரு பிரிவு. கருவிகளுக்கு 15,000 ரூபாய், முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் என்று 5 சதவிகித வட்டியில் கடன். குடும்பத் தொழிலையே பிள்ளைகள் மேல் மறுபடி சுமத்துகிறது என்று சொல்லி, இப்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த முடியாது என்று தமிழக அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் தொடங்கியதுதான் கலைஞர் கைவினைத் திட்டம். 25 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்கணும் என்ற நிபந்தனை இல்லை, 3 லட்சம் வரை கடன், அதில் 50,000 ரூபாய் வரை மானியம். விண்ணப்பிக்க 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

எது நல்ல திட்டம் என்ற அரசியல் சண்டை தனி. எனக்கு ரெண்டிலும் ஒரே சந்தேகம். கடன் யாருக்கு உதவும்? முதலீடு இல்லாததால் உற்பத்தி நிற்கிறவருக்கு. தச்சருக்கு ஒரு மெஷின் வாங்கினால் வேலை ரெட்டிப்பாகும், கடன் அடையும். பட்டுப்பாய் தறிக்கு அப்படி ஒரு மெஷின் இல்லை. அங்கே தடையாக இருப்பது கூலிக்குக் கீழே நிற்கும் விலை. நஷ்டத்தில் நெய்கிறவருக்குக் கடன் கொடுத்தால் நஷ்டத்தோடு வட்டியும் சேரும். 35 வயது என்ற வரம்பு இன்னொரு கேள்வி. இந்த வேலைக்கு யாரை இழுக்கணுமோ, அந்த 20 வயதுப் பெண்ணுக்கு அங்கே கதவு மூடியிருக்கிறது. குலத்தொழிலுக்குள் பிள்ளைகளைத் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் விரும்பி வருகிறவர்களையும் 35 வரை காத்திருக்கச் சொன்னால் விரல் எப்போது பழகும்?

இதைவிட எளிதான காரியங்கள் இருக்கின்றன. பூம்புகார் விற்பனை நிலையங்களில் விற்கிற ஒவ்வொரு பாயிலும் கவுண்ட், நெய்ய எடுத்த நாள்கள், நெய்தவர் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். அரசு விழாக்களில் சால்வைக்கும் மரச் சிற்பத்துக்கும் செலவழிக்கிற பணத்தில் ஒரு பகுதியை வருடம் முழுக்கப் பரவலாகப் பட்டுப்பாய் ஆர்டராகக் கொடுக்கலாம், கூலிக் கணக்குப்படி, முன்பணத்தோடு. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பாய்க்காக நடந்த வர்த்தகச் சண்டை

ஜப்பானில் தத்தாமி என்று ஒரு பாய்த்தரை உண்டு. அனிமே பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் மேல்விரிப்பை 'இகுசா' என்ற நாணல் வகையில் நெய்கிறார்கள். ஜப்பானில் விளையும் இகுசாவில் மிகப் பெரும்பகுதி குமமோட்டோ மாகாணத்தில், குறிப்பாக யட்சுஷிரோ பகுதியில். 1990-களில் சீனாவிலிருந்து மலிவான விரிப்புகள் குவிந்தன. 2001 ஏப்ரலில் ஜப்பான் அரசு அந்த விரிப்பு, ஷிட்டாகே காளான், ஒரு வகை வெங்காயத்தாள் மூன்றின்மீதும் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது. பதிலுக்கு சீனா ஜப்பானிய கார், செல்போன், ஏ.சி-க்கு 100 சதவிகித வரி போட்டது. பாய்க்காகக் கார் கம்பெனிகள் கதறிய வருடம் அது!

வருடக் கடைசியில் சமாதானம் ஆனது. வரி இகுசா விவசாயிகளைக் காப்பாற்றியதா? இல்லை. ஆயிரக்கணக்கில் இருந்த குடும்பங்கள் இன்று சில நூறாகச் சுருங்கிவிட்டன. மிஞ்சியவர்களுக்குக் கைகொடுத்தது தரப்பிரிப்பும் அடையாளச் சீட்டும்தான். குமமோட்டோ விரிப்பில் அதை விளைவித்தவரின் விவரத்தைப் பார்க்கும்படி சீட்டு வைக்கிறார்கள். வாங்குகிறவர் போனை நீட்டி ஸ்கேன் செய்தால் போதும். நம்ம ஊரில் டீக்கடைக்கே க்யூ.ஆர். கோடு வந்துவிட்டது, பாய்க்கு வரக் கூடாதா என்ன?

ஜப்பானிலும் வீட்டுக்குள் சோபா வந்தபிறகுதான் தத்தாமி அறைகள் குறைந்தன. நம்ம பிரச்னையும் அதேதான். சில டிசைனர்கள் பத்தமடைப் பாயைக் கட்டிலின் தலைப்பலகை, அலமாரிக் கதவு, லேம்ப் ஷேட் என்று ஃபர்னிச்சருக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். பிரம்புப் பின்னல் நாற்காலி மறுபடி ஃபேஷனாகி, இன்ஸ்டா முழுக்க வருகிற காலத்தில் இது நல்ல யோசனை. என் கருத்தில், கதவுக்கும் தலைப்பலகைக்கும் நடுத்தர கவுண்ட் அருமையாகப் பொருந்தும். உட்காருகிற இருக்கையின் கூர்மையான விளிம்பில் வளைத்து ஆணி அடித்தால் கோரை ஒடியும், அங்கே பிரம்புதான் சரி. 120 கவுண்ட் பாயை வெட்டிப் பை தைப்பது மட்டும் எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பட்டுச்சேலையைக் கிழித்துத் தலையணை உறை போடுவது மாதிரி.

தண்ணீர் ஓடணும்

கடைசியாக, மறுபடி ஆறு. ஓடுகிற நல்ல தண்ணீர் இல்லாமல் பட்டுப்பாய் இல்லை என்று மேலே பார்த்தோம். தாமிரபரணியில் மணல் அள்ளி அள்ளிக் கரை குலைந்தபோது, தோழர் நல்லகண்ணு போட்ட வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை போட்டது. அடுத்த தொல்லை கழிவுநீர். வழியில் இருக்கிற ஊர்களின் சாக்கடை நேராக ஆற்றில் கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து படித்துறைகளைப் பார்த்தார்கள். பத்தமடைக்கு மேலே, பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் துணிகள் டன் கணக்கில். அதே ஆற்றுத் தண்ணீரில்தான் கீழே ஒருவர் கோரைக்கட்டை இறக்குகிறார். சுற்றுச்சூழல் செய்திகளில் மீனும் குடிநீரும் வருகிறது. கோரை வருவதில்லை.

சரி, வாங்க நினைக்கிறவர்களுக்கு. கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: என்ன கவுண்ட், பாவு பருத்தியா, எத்தனை நாள் நெய்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். கையில் காசு குறைவு என்றால் கவுண்டைக் குறைத்துக் கேளுங்கள், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். சாதாரணக் கைத்தறிப் பாயும் நல்ல பாய்தான். வீட்டில் ஈரம் படாமல், சுருட்டி வைக்கணும். துணி மாதிரி மடிகிறதே என்று ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் இழை விடும்.

பெயர் போட்ட கல்யாணப் பாய் வேண்டுமென்றால் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோரை காய வெயில் வேண்டும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நெல்லைப் பக்கம் அது கிடைக்காது. தை முகூர்த்தத்துக்குப் பாய் கேட்டு மார்கழியில் போன் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் கடையில் இருக்கும் பாய்தான். ஆவணியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பத்திரிகை அடிக்கிற அவசரத்தில் மணமகள் பெயருக்குப் பின்னால் டிகிரி போடச் சொல்லிவிடாதீர்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் அங்கே ஒருவர் இழை எண்ணிக்கொண்டிருப்பார்.